தங்கைக்காகச் சொன்ன எஞ்சின்

தங்கையின் புருஷன் மில்லிக்கனில் தன் வீட்டுக் கராஜுக்குள் ஒரு சின்ன விமானம் கட்டினார். இரண்டு பேர் ஏறுவது. பெட்டிகளில் பாகம் பாகமாக வந்ததைப் பூட்டினார். அவர் பஸ் ஓட்டுகிறவர். விமானம் ஓட்டவும் படித்து லைசென்ஸ் எடுத்திருந்தார்.

நான் ரெக்ஸ்டேலில் லொறி திருத்துகிறேன். பெரிய படிப்பில்லை. எஞ்சின் என்றால் அவர் என்னைத்தான் கேட்பார்.

இரண்டு எஞ்சின் பார்த்து வைத்திருந்தார். ஒன்று டூ ஸ்ட்ரோக். பெற்றோலோடு எண்ணெய் கலந்து ஓடும், எடை குறைவு. மற்றது ஃபோர் ஸ்ட்ரோக். நம்பலாம், ஆனால் இருபது கிலோவுக்கு மேல் கூட. இந்த வகை விமானத்தின் மொத்த எடைக்குச் சட்டத்தில் ஓர் எல்லை உண்டு. ஆட்கள், பெற்றோல், எஞ்சின் எல்லாம் அதற்குள் அடங்கவேண்டும். பெரியதைப் போட்டால் இரண்டாவது ஆளுக்கு சீற் இருக்கும், எடை இருக்காது.

இரண்டாவது ஆள் தங்கை. அவளை ஏற்றிக்கொண்டு போய் ஏரியை மேலே இருந்து காட்டவேண்டும் என்பது அவருடைய ஆசை.

தங்கை எனக்கு ஃபோன் எடுத்தாள்.

"அண்ணை, எனக்கு உதிலை ஏற ஏலாது. நினைச்சாலே நெஞ்சு இடிக்குது."

"அவரிட்டைச் சொல்லன்."

"தொடங்கின காரியத்திலை அபசகுனமாய்க் கதைக்கலாமே? பிறகு ஏதும் நடந்தா என்ரை வாயாலை எண்டுதான் வரும். நீங்கள் சொன்னாக் கேப்பார். பாரமானதைப் போடச் சொல்லுங்கோ."

எங்கள் வீடுகளில் அப்படித்தான். வெளிக்கிடுகிறவரிடம் எங்கே போகிறாய் என்றுகூடக் கேட்பதில்லை. விழும் என்று யார் சொல்வது?

கராஜுக்குப் போனேன்.

"மச்சான், சின்னன் வேண்டாம். சூடேறினா இறுகி நிண்டிடும். பெரிசைப் போடுங்கோ."

"அப்ப உங்கடை தங்கச்சி?"

"முதல் நீங்கள் ஒழுங்கா இறங்கோணும்."

எஞ்சினைப் பற்றிச் சொன்னது பொய்யில்லை. காரணம்தான் பொய். அவர் பெரியதைப் பூட்டினார்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அவரோ அவளையும் ஏற்றலாம் என்று எடை குறைக்கத் தொடங்கினார். பற்றறியை மாற்றினார். சீற்றின் பஞ்சை வெட்டினார். பிறகு தன்னையே குறைத்தார்.

"சோறும் வேண்டாமாம், புட்டும் வேண்டாமாம். முகம் வத்திப்போச்சு, அண்ணை," என்றாள் தங்கை.

அப்போதே அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

றிச்மண்ட் ஹில்லுக்கு வடக்கே ஒரு புல்வெளி ஓடுபாதை. நானும் தங்கையும் கூடப் போனோம். விமானத்தை அங்கே கொண்டுபோய் மூன்று சில்லுக்கும் கீழே தராசு வைத்து நிறுத்தார். ஃபோனில் கூட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"மச்சான், சரி வந்திட்டுது! அரைத் தாங்கி பெற்றோலோடை இவவும் வரலாம். இவவின்ரை நிறையைக் கேட்டா அடி விழுமெண்டு அஞ்சு கிலோ கூட்டித்தான் போட்டனான்."

தங்கையும் சிரித்தாள். உதடு வெளுத்திருந்தது.

"ஏறி இரும், பாப்பம்," என்றார் அவளிடம்.

அவள் ஒரு காலைத் தூக்கி வைத்தாள். ஏறியிருப்பாள். வாய் திறக்காமல் மேலேயும் போயிருப்பாள்.

"மச்சான், அவளுக்குப் பயம்," என்றேன். "அதுக்குத்தான் பெரிசைப் போடச் சொன்னனான்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தார்.

"பயமெண்டு எனக்குச் சொல்லவும் பயமே?"

அவள் தூக்கி வைத்த காலை எடுத்தாள். அவர் தொளதொளத்த காற்சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு தராசுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். நான் உதவப் போனேன். "வேண்டாம்," என்றார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தனியாகப் பறக்கிறார். எஞ்சினைப் பற்றி என்னிடம் கேட்பதில்லை. அவர் கார் வெளிக்கிட்டதும் தங்கை எனக்கு ஃபோன் எடுப்பாள். பிள்ளைகளின் படிப்பு, மீன் விலை, ஆருடையவோ கலியாணம். பறப்பதைப் பற்றி ஒரு சொல் இல்லை. இறங்கிவிட்டேன் என்று அவரிடமிருந்து மெசேஜ் வரும்வரை பேசுவாள். எனக்கு வேலை இருந்தாலும் நான் ஃபோனை வைப்பதில்லை.