வீடு என்று இருந்த பொத்தான்

புதுக் கார் எடுத்தபோது தேனி ஷோரூமில் கேட்டார்கள்: வழி காட்டும் ஜி.பி.எஸ்ஸைக் காரோடு சேர்த்தே பொருத்திவிடவா, இல்லை, கண்ணாடியில் ஒட்டிக் கழற்றுவது போதுமா? யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

ஷார்ஜாவில் வேன் ஓட்டும் என் கணவர் போனில் சொன்னார். “பொருத்துறதெல்லாம் வேணாம். இங்கன கம்பெனி வண்டியிலயே இப்ப வச்சுட்டாக. நான் கையில வச்சிருந்தது சும்மாதான் கெடக்கு. ஊருக்கு வர்ற ஆளுகிட்ட குடுத்துவிடுறேன்.”

அது வந்ததும் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு உத்தமபாளையத்திலிருந்து சின்னமனூருக்குத் தனியாக ஓட்டினேன். நம் ஊர் வரைபடமே அதில் இல்லை. வெறும் திரையில் ஒரு அம்பு மட்டும் நகர்ந்தது. மூலையில் ‘ஹோம்’ என்று ஒரு பொத்தான். நம் வீட்டைத்தான் குறித்து வைத்திருப்பார் என்று ஆசையாக அழுத்தினேன். ஷார்ஜாவில் ஏதோ ஒரு தெருவைக் காட்டி, போக வழி இல்லை என்றது.

எனக்குக் கோபம் வந்தது. ஓரமாக நிறுத்திவிட்டு அவரைக் கூப்பிட்டேன்.

“அங்கன எதுங்க உங்களுக்கு வீடு?”



“அது நாங்க ஆறு பேரு படுக்குற ரூமு. நம்ம வீட்டுக்குத்தான் எனக்கு வழி தெரியுமே. தெரியாத எடத்தத்தான அதுல போடணும்.”

ஷோரூமில் எதையும் பொருத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் அனுப்பியதில் இந்திய வரைபடம் ஏற்றித் தந்த கடைக்காரர், “வீட்டையும் மாத்திரவாக்கா?” என்றார்.

“அது அப்படியே இருக்கட்டும்” என்றேன். இத்தனை வருஷம் அவர் படுத்து எழுந்த இடத்தை எனக்குக் காட்டியது அது ஒன்றுதான்.