கிட்டாரில் பூசிய பச்சை

சித்தப்பாவின் எலெக்ட்ரிக் கிட்டார் நடுவில் தேன் மஞ்சளாகவும், ஓரம் போகப் போகச் சிவந்தும், விளிம்பில் கறுத்தும் இருக்கும். புதுச்சேரி ஓட்டல் ஒன்றில் வாசித்துக்கொண்டிருந்தவரிடம் அவர் வாங்கிய பழைய வெளிநாட்டுக் கிட்டார் அது. பூச்சு முழுக்க மயிரிழை வெடிப்புகள். முழங்கை உரசும் இடத்தில் மரமே தெரியும். புதிதாகப் பெயிண்ட் அடிக்கச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். "மெல்லிசு பூச்சு. மரம் மூச்சு வுட்டுக்கினு இருக்குது. மேல ஒண்ணு பூசனா சத்தம் செத்துரும்" என்பார். வடக்கனந்தல் வீட்டில் ஆம்ப்ளிஃபயரைத் திருகி அவர் ஒரு கம்பியை இழுத்தால் ஓட்டுக் கூரை அதிரும். கிழிந்த தொண்டையோடு யாரோ கத்துவது போன்ற அந்தச் சத்தத்துக்காகவே திருவிழா மேடைகளுக்கு அவரை அழைத்தார்கள்.

எனக்கு அப்போது ஏழு வயது. மாட்டுப் பொங்கலன்று கொம்புகளுக்குப் பூசிய பச்சை எனாமல் அரை டப்பா மிஞ்சியிருந்தது. சித்தப்பா மாலைக் கச்சேரிக்கு ஸ்பீக்கர் எடுத்துவரக் கள்ளக்குறிச்சி போயிருந்தார். மாட்டுக்கெல்லாம் புதுசு, இதற்கு மட்டும் இல்லையே என்று கிட்டாரின் தேய்ந்த இடத்தில் பூசத் தொடங்கி, முன்பக்கம் முழுவதும் பூசிவிட்டேன். சித்திதான் பார்த்தார். மண்ணெண்ணெய் தொட்டு என் கைகளைத் தேய்த்துக் கழுவினார். "நீ வெளிய போயி வெளையாடு. நான் பேசிக்கிறேன்" என்றார். நான் போகவில்லை. கதவருகில் நின்றேன்.

வந்த சித்தப்பா கத்தவில்லை. கிட்டாரைக் கைக்குழந்தையைப் போலத் தூக்கித் தலையணைமேல் கிடத்தினார். பிறகு சித்தியின் கூந்தலைப் பிடித்து நிலைச்சட்டத்தில் மோதினார்.

"யாருடி பூசனது?"

"நாந்தாங்க. கொம்புக்குப் பூசற நெனப்புல..."

முடிப்பதற்குள் இடது காதோடு சேர்த்து அறைந்தார். கீழே விழுந்தவரை விலாவில் உதைத்தார். காதிலிருந்து ரத்தம் கழுத்து வழியாக இறங்கித் தாலிச் சரட்டை நனைத்தது. நின்று மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் அடித்தார். சித்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். 'நான்தான்' என்று நான் சொன்னால் போதும். சொல்லவில்லை.

தின்னர் ஊற்றித் துடைத்ததில் பச்சையோடு பழைய மஞ்சளும் சிவப்பும் போய்விட்டன. வெறும் மரத்தோடுதான் அன்று மேடையேறினார். சத்தம் கொஞ்சமும் மாறவில்லை. அதே கத்தல். முதல் பாட்டின் நடுவே அவர் விரல் ஒரு கணம் நின்றது, அவருக்கும் தெரிந்திருக்கும். சித்திக்கு அதன் பிறகு இடது காது கேட்கவே இல்லை.

போன மாதம் என் மகள் கண்ணாடியை உடைத்துவிட்டு, தான் இல்லை என்றாள். பொய்க்காக அடிக்க ஓங்கிய கையை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, கிட்டாரை மடியில் வைத்துக் கம்பி மாற்றிக்கொண்டிருந்த சித்தப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

"அன்னிக்கிப் பூசனது நான், சித்தப்பா. சித்தி இல்ல."

அவர் சிரித்தார். "நீயாடி? அப்பவே சொல்லியிருந்தா சிரிச்சிருப்பேன். கொழந்தயப் போயி யாராச்சும் அடிப்பாங்களா?"

சமையலறை வாசலில் நின்ற சித்தி, "இன்னா சொல்றாரு?" என்று கேட்டார். பக்கத்தில் போய், அவர் சொன்னதை அப்படியே வலது காதில் சொன்னேன். மாற்றிச் சொல்லியிருக்கலாமோ என்று இன்னும் யோசிக்கிறேன்.

சித்தி அவரைப் பார்த்தார். "அப்ப எனுக்கு வுழுந்தது இன்னாத்துக்கு?"

சித்தப்பா கம்பியை முறுக்கத் தொடங்கினார். சித்தி அதையே மறுபடியும் கேட்டார், இந்த முறை சத்தமாக.