வலப்பக்கப் பாக்கெட்

ஊரே அந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு திரிந்தபோது, தையலக்கா மட்டும் அதைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தாள். ராப் பாட்டு. பாடுகிறவன் மூச்சு விடாமல் பொரிந்து தள்ளுவான். வீடியோவைப் பார்த்தவர்கள் கோடியைத் தாண்டிவிட்டார்களாம். அதில் நூறு, நூற்றைம்பது தடவை இவள் பார்த்ததாகவே இருக்கும். பாட்டுக்காகவா பார்த்தாள்? பாடகன் போட்டிருந்த கோட்டுக்காகப் பார்த்தாள்.

சாம்பல் நிறக் கோட்டு. மார்புப் பாக்கெட் வலப்பக்கம் இருந்தது. தையல் தெரிந்த எவரும் அங்கே வைக்கமாட்டார்கள். வைத்த ஒரே மகராசி இவள்தான்.

கல்யாணமான புதிதில் நடந்தது அது. லிஃப்ட் மெக்கானிக்கான கணவரை எதிரே நிறுத்தி, துணியை அவர் உடம்பில் போட்டு, சாக்கட்டியால் குறி வைத்தாள். புது மாப்பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டு குறித்தால் இடமாவது வலமாவது? கோட்டுப் பாக்கெட் சட்டைப் பாக்கெட் மாதிரி மேலே ஒட்டித் தைப்பதல்ல. துணியைக் கீறி உள்ளே பை வைக்கவேண்டும். கீறி முடித்த பிறகுதான் பக்கம் மாறியது தெரிந்தது. கையைப் பிசைந்துகொண்டு அழுதவளிடம் அவர் சொன்னார்: "அட விடு. எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு. வேற யாருக்கு இருக்கு இப்படி?"

அந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டே அவள் பதினாறு வருஷம் குடித்தனம் பண்ணினாள். மனிதர் வாய் திறப்பதே அபூர்வம். சாப்பாடு நன்றாயிருக்கிறது என்றுகூடச் சொல்லமாட்டார். எரிச்சல் வரும்போதெல்லாம் ஆணியில் தொங்கும் அந்தக் கோட்டை ஒரு பார்வை பார்ப்பாள், மனசு ஆறிவிடும். போன குளிருக்கு முன்னால் அவர், "கோட்டை பஸ்ல விட்டுட்டேன்" என்றார். இவளும் நம்பினாள். இப்போது அது பாடகன் உடம்பில் ஆடுகிறது.

எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றத் தங்கை ஒருத்தி இருந்தாள்.

"அக்கா, வீடியோல பாட்டுக்காரன்கூட ஆடுறாளே ஒரு பொண்ணு, கோட்டுப் பாக்கெட்டுக்குப் போற அவ கையைப் பாரு. யாரா இருந்தாலும் பாக்கெட்டை இடப்பக்கம்தானே தேடுவாங்க? இவ நேரா வலப்பக்கம் போறா. பழகின கை! மாமா இவகிட்ட குடுத்த கோட்டுதான் அவன் உடம்புக்குப் போயிருக்கு."

"வாயை மூடு."

"நான் மூடிக்கறேன். மாமா அடிக்கடி லேட்டா வர்றாரே, அதை மட்டும் கேளு."

வாயை மூடச் சொன்னாளே தவிர, அன்றிலிருந்து அக்காவும் வேவு பார்க்கத் தொடங்கினாள். அவர் கழற்றிப் போட்ட சட்டையை முகர்ந்து பார்த்தாள். கிரீஸ் வாடை, வேறொன்றும் இல்லை. கிரீஸ் வாடை இவ்வளவு தூக்கலாக இருப்பதே அவளுக்குச் சந்தேகமாகிவிட்டது. எதை மறைக்க இப்படிப் பூசிக்கொண்டு வருகிறார்?

"ஏங்க, அந்தக் கோட்டை எந்த பஸ்ல விட்டீங்க?"

"யாருக்கு ஞாபகம் இருக்கு?"

வீடியோவை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவர் தட்டை விட்டுத் தலையை நிமிர்த்தவில்லை. "கோட்டுன்னா எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்" என்றார். பதினாறு வருஷம் தையல்காரியோடு வாழ்ந்துவிட்டு ஒருவர் பேசுகிற பேச்சா இது? அடப்பாவி மனுஷா, பொய் சொல்லவும் ஒரு சாமர்த்தியம் வேண்டாமா?

பாட்டோ போட்ட போடு போட்டது. டீக்கடை, பஸ், ஆஸ்பத்திரி வராந்தா, எங்கே போனாலும் அதுதான். ரெடிமேட் கடைகளில் பொம்மைகளுக்கெல்லாம் வலப்பக்கப் பாக்கெட். இவள் வாசலிலும் கல்லூரிப் பிள்ளைகள் துணியோடு வரிசையில் நின்றார்கள். எந்தத் தப்புக்காக அழுதாளோ அதையே விதவிதமான துணியில் கீறிக் கீறி வைத்தாள்.

அப்படி ஒரு நாள் அந்த வீடியோவுக்கு உடை பார்த்த ஆளே வந்து நின்றான். பாடகன் வெளியூர்களில் மேடை ஏறப் போகிறான். அதே மாதிரி மூன்று கோட்டு வேண்டும். மாதிரிக்கு என்று பையிலிருந்து எடுத்துப் போட்டான். தொட்டதுமே தெரிந்துவிட்டது. இவள் கோட்டுதான்.

"இது எங்க கிடைச்சுது?" கோட்டைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அது ஒரு கூத்துக்கா. பழைய கட்டடத்துல ஷூட்டிங். லிஃப்ட் நடுவுல நின்னுபோச்சு. சரிபண்ண வந்த மெக்கானிக் போட்டிருந்தார். பாட்டுக்காரர் பார்த்ததும், 'அண்ணே, குடுப்பீங்களா'ன்னு கேட்டுட்டார். அவர் யோசிக்கவே இல்ல. 'எடுத்துக்கோ தம்பி, எப்படிக் கழட்டறதுன்னு தெரியாமத்தான் இத்தனை வருஷமா மாட்டிக்கிட்டுத் திரியறேன். வேலைல என் பேரே கோணப் பாக்கெட்டு'ன்னார். நாங்க விழுந்து விழுந்து சிரிச்சோம்."

"அந்தப் பொண்ணு?"

"எந்தப் பொண்ணு? டான்சரா? அது டைரக்டர் சொல்லிக் குடுத்த ஸ்டெப்புக்கா."

ஆக, பெண்ணும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நிம்மதியாக இருந்திருக்கவேண்டும். அவளுக்கு அழுகைதான் வந்தது. வேறொருத்தி இருந்திருந்தால் தலைமுடியைப் பிடித்துச் சண்டை போடலாம். இதற்கு யாரோடு போடுவது?

சாயங்காலம் அவர் வந்தபோது கோட்டு மேஜைமேல் விரித்துக் கிடந்தது. அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுவிட்டார்.

"பிடிச்சிருக்குன்னு சொன்னீங்களே?"

"நீ அழுதே. வேற என்ன சொல்ல?"

"அது ஒரு நாள் சமாச்சாரம். அப்புறம் எதுக்கு இத்தனை வருஷம் போட்டுக்கிட்டுத் திரிஞ்சீங்க? அத்தனை பேரும் சிரிக்கச் சிரிக்க?"

"சொல்லிட்டேன்ல? போடாம விட்டா நீ கண்டுபிடிச்சிடுவே." கழுத்தைச் சொறிந்துகொண்டார். "குடுத்துட்டு வந்த அன்னிக்கு எனக்குத் தூக்கமே இல்ல. பஸ்னு வாய்ல வந்துது, சொல்லிட்டேன்."

அவள் அலமாரியிலிருந்து நல்ல துணியாக ஒன்றை எடுத்து அவர் தோளில் போட்டாள். சாக்கட்டியை அவர் கையில் திணித்தாள்.

"பாக்கெட் எங்க வேணும்? நீங்களே குறிங்க."

அவர் கை முதலில் வலப்பக்கம்தான் போனது. பாதியில் நிறுத்தி, அவள் முகத்தை ஏறிட்டுப் பார்த்தார்.

"என் மூஞ்சியைப் பார்த்துக் குறிக்காதீங்க" என்றாள் அவள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு இடப்பக்கம் ஒரு கோடு போட்டார். அவள் கத்திரியை எடுத்தாள்.