கைப்பட்டைக்குக் கொடுத்த குரல்

மூத்தவளின் தம்பி அவளிடம் பேசுவதை ஏன் நிறுத்தினான் என்பது வீட்டில் ஒருவருக்கும் விளங்கவில்லை. சொத்துத் தகராறு இல்லை. தகராறு செய்யச் சொத்தும் இல்லை. நாள் தவறாமல் மாலையில் அவள் தொலைபேசியில் அழைத்து, "சாப்பிட்டியாடா?" என்று கேட்பதும், "நீ வந்து ஊட்டலன்னா பட்டினிதான்" என்று அவன் பதில் சொல்வதும் அந்தக் குடும்பத்தின் வழக்கம். பெரிய சரக்குக் கிடங்கு ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து சில வாரங்களில் அவன் அழைப்பை எடுப்பதை விட்டுவிட்டான். அவள் எழுதிக் கேட்டால் அவனும் எழுதிப் பதில் தந்தான். குரல் மட்டும் கூடாது என்பது போல் நடந்துகொண்டான்.

பொறுத்துப் பார்த்துவிட்டு, அவனுடைய விடுமுறை நாளன்று அவளே நேரில் போனாள். தம்பி மனைவிதான் கதவைத் திறந்தாள்.

"வாங்க அண்ணி. இவருக்கு என்ன ஆச்சுன்னு நீங்களே கேளுங்க. அன்னிக்கு உங்க போனை ஸ்பீக்கர்ல போட்டேன். பாத்ரூம்ல இருந்தவர் சோப்பு நுரையோட ஓடி வந்து நிக்கறார்!"

தம்பி சிரிக்கவில்லை. மூத்தவள் எதிரே அமர்ந்து, "என்னடா, என் பேச்சு உனக்கு அவ்வளவு கசந்து போச்சா?" என்றாள்.

"அக்கா, கொஞ்சம் மெதுவாப் பேசு. இன்னிக்கு எனக்கு லீவு."

அவன் கைபேசியை எடுத்து, உடன் வேலை செய்பவன் பதிவுசெய்து அனுப்பியதை ஒலிக்கவிட்டான். பின்னணியில் வண்டிச் சக்கரங்களின் உருட்டல். அதற்கு மேலே, கனிவாக, ஒரு பெண்குரல்: "தம்பி, ரொம்ப நேரம் ஆச்சு. வெளிய வாப்பா." சற்று இடைவெளி விட்டு மறுபடியும்: "தம்பி, கை மெதுவாகுது. உன்னால முடியும்."

அது மூத்தவளின் குரல். இழுப்பும் 'ப்பா' என்று முடிக்கும் இடத்து இறக்கமும் அவளுடையவையே.

"கழிப்பறைக்குள்ளயும் நீதான் வர்றே" என்றான் தம்பி. "வேலைக்குள்ள நுழைஞ்சதும் கையில ஒரு பட்டையைக் கட்டி விடுறாங்க. ஸ்கிரீன் கிடையாது, பட்டன் கிடையாது. பேசும், நாம பேசினா கேக்கும், எங்க நிக்கிறோம்னு பாக்கும். உங்க கம்பெனிச் சரக்குதான்."

"நான் எப்படா இதையெல்லாம் சொன்னேன்?"

"அதானே! நீ சொல்லியிருந்தா 'எருமை'ன்னு ஒண்ணு சேத்துல்ல சொல்லியிருப்ப." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். "தெரிஞ்சுதான் குடுத்தியா அக்கா?"

"சத்தியமாத் தெரியாதுடா."

"அப்ப போய்க் கேளு. எனக்கு உன்மேல கோபம் இல்ல. உன் குரல் காதுல விழுந்தா உடம்பு தானா எழுந்திருக்குது. அது வேணாம் எனக்கு. அது போற வரைக்கும் போன் பண்ணாதே."

உடன்பிறந்தவனிடம் பேச ஒரு பெண்ணுக்கு இருப்பது ஒரே குரல்தான். அதை அவளுக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு போய் அவனை விரட்டும் கோலாக்கியிருக்கிறார்கள்.

அந்தப் பட்டையைச் செய்யும் நிறுவனத்தில் முதல் நாளிலிருந்து இருந்தவள் அவள். டயர்க் கடைக்கு மேலே இரண்டே அறைகளில் தொடங்கிய காலத்தில் கணக்கு எழுதியவளும், வாசலில் வந்தவரை வரவேற்றவளும், மின்சாரம் போனால் ஆள் தேடி ஓடியவளும் அவளே. படிப்பை முடித்த சூட்டோடு வந்திருந்த நிறுவனர் முதற்கொண்டு எல்லோரும் அவளை 'அக்கா' என்றுதான் அழைத்தார்கள். பார்வை மங்கியவர்களுக்காக மணிக்கட்டில் கட்டும் பேசும் கணினி ஒன்றைச் செய்வது அப்போது அவர்களுடைய கனவு. பேருந்துப் பலகையைப் படித்துச் சொல்லும். மாத்திரை அட்டையைக் காட்டினால் பெயர் சொல்லும். அதற்குக் குரல் வேண்டுமென்று கேட்டபோது அவள் மறுக்கவில்லை. அவளுடைய தந்தைக்கும் கண் போய்க்கொண்டிருந்த நேரம் அது.

சாமான் அறையின் சுவர்களில் பழைய மெத்தைகளைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்வை வழிய வழிய வாக்கியம் வாக்கியமாகப் படித்தாள். "படி இருக்குப்பா, பாத்து இறங்குங்க" என்ற வரியைத் தந்தையை மனத்தில் வைத்தே சொன்னாள். தந்தையும் அந்த முதல் பட்டையைக் கட்டிக்கொண்டு தெருவில் தனியே நடந்தார்.

பிறகு பெருமுதலீடு வந்தது, கண்ணாடிக் கதவு வந்தது, மூத்தவளின் நாற்காலி அச்சு இயந்திரத்துக்குப் பின்னால் போயிற்று. பார்வையற்றோருக்கான பட்டையில் ஆதாயம் போதாதென்று அதை நிறுத்தினார்கள். தந்தையின் கையிலிருந்தது ஒருநாள் வாயை மூடிக்கொண்டது. கேட்டதற்கு, "அந்த மாடலுக்கு இப்போ சப்போர்ட் இல்லைக்கா" என்று பதில் வந்தது. அன்றே அவள் சண்டை போட்டிருக்க வேண்டும். பிழைப்பு வாயைக் கட்டிப்போட்டது.

இம்முறை கட்டிப்போடவில்லை. மறுநாள் காலை நிறுவனரின் அறைக்குள் அனுமதி கேளாமல் நுழைந்தாள்.

"அக்கா, டென்ஷன் ஆகாதீங்க. அது உங்க குரலே இல்ல. உங்க குரல்ல இருந்து வந்த கம்ப்யூட்டர் மாடல்."

"என் பொண்ணுகூட என் வயித்துல இருந்து வந்தவதான். அவளை ஊர்ல எவனையோ அதட்டுற வேலைக்கு அனுப்பணும்னா என்னைக் கேக்க மாட்டீங்களா?"

"அப்போ சரின்னுதானேக்கா படிச்சுக் குடுத்தீங்க?"

"கண்ணு தெரியாதவங்களுக்குப் படிச்சுக் குடுத்தேன். கக்கூஸ் கதவைத் தட்டறதுக்கா படிச்சேன்?"

நிறுவனர் நெளிந்தார். ஆயினும் அவருக்குள் ஒரு பெருமிதம் இருந்தது. அதை அடக்க முடியவில்லை. "நிறைய குரல் வெச்சுப் பாத்தோம்க்கா. ஆம்பளைக் குரல்னா முறைக்கறாங்க. மிஷின் குரல்னா கண்டுக்கறதே இல்ல. உங்க குரலுக்குத்தான் எழுந்துக்கறாங்க. அந்த மோடுக்கு 'அக்கா'ன்னே பேர் வெச்சிருக்கோம். உங்களுக்கு மரியாதைதானே?"

அவமானத்தைச் செய்துவிட்டு அதற்கு மரியாதை என்று பெயர் வைப்பவரிடம் என்ன பேசுவது? மூத்தவள் வாயடைத்து நின்றதை அவர் சம்மதமாக எடுத்துக்கொண்டார். புதிய பட்டையின் அறிமுக விழா அதே கிடங்கில் நடக்கவிருந்தது; 'அக்கா'வை மேடையேற்றிப் பூச்செண்டு கொடுத்தால் நன்றாயிருக்கும் என்றார். அந்தக் கிடங்கில்தான் தம்பி வேலை செய்கிறான் என்பது அவருக்குத் தெரியாது. அவளும் சொல்லவில்லை. "வர்றேன்" என்றாள்.

கூரை எட்டாத உயரத்தில் இருக்கும் கிடங்கு. அடுக்குகளுக்கு நடுவே தற்காலிக மேடை. முன்வரிசையில் கிடங்கு மேலாளரும் முதலீட்டாளர்களும் அமர்ந்திருந்தார்கள். தொழிலாளர்கள் மட்டும் வண்டிகளின் பக்கத்தில் நின்றபடி இருந்தார்கள். விழாவானாலும் அவர்களுக்கு நாற்காலி இல்லை. தொலைவில் உள்ள அடுக்குகளில் வேலை நின்றபாடில்லை.

பூச்செண்டு கொடுத்தாயிற்று. நிறுவனர் தம் கையிலிருந்த பட்டையைக் கழற்றி அவளிடம் தந்து, "எங்க அக்காவும் எங்க 'அக்கா'வும் இப்போ பேசிக்கப் போறாங்க!" என்று அறிவித்தார். கைதட்டினார்கள்.

மூத்தவள் பட்டையை வாயருகே கொண்டுபோனாள். "இங்க நிக்கறவங்க களைச்சுப் போயிருக்காங்க. கொஞ்சம் உக்கார விடு."

பட்டை ஊமையாக இருந்தது. மறுபடி சொன்னாள். அதற்கும் பதில் இல்லை. நிறுவனர் வாங்கி, "ஹலோ" என்றதும், "சொல்லுப்பா" என்று அவள் குரலிலேயே அது கொஞ்சியது. அவள் கைக்குப் போனால் மறுபடி ஊமை.

மேடையோரம் நின்ற பொறியாளர் பதறிக்கொண்டு ஓடிவந்து நிறுவனரின் காதில் சொன்னது ஒலிவாங்கியில் எல்லோருக்கும் கேட்டது. "சார், இவங்க பேசக் கூடாது. பட்டை பேசற குரல் அதோட காதுலயே விழுந்தா, யாரோ ஆர்டர் குடுக்கறாங்கன்னு குழம்பிடும். அதனால இந்தக் குரலை மட்டும் காதுல போட்டுக்காதேன்னு பழக்கி வெச்சிருக்கோம். இவங்களும் ஒருநாள் இதுகிட்டப் பேசுவாங்கன்னு யாருக்குமே தோணலை."

கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. மூத்தவள் சிரிக்கவில்லை. ஊரில் எவர் பேசினாலும் கேட்கும் அந்தப் பொருளுக்கு, குரலைக் கொடுத்தவளின் சொல் மட்டும் ஏறாது. மனிதர் செய்ததைத்தான் அதற்கும் பழக்கியிருந்தார்கள். அவள் கையை நீட்டி ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டாள்.

"தம்பிங்களா, தங்கச்சிங்களா" என்றாள், தந்தைக்காகச் சொன்ன அதே கனிவில். "ரொம்ப நேரம் ஆச்சு. உக்காருங்கப்பா."

முன்னால் நின்றவர்கள் ஒரு கணம் விழித்தார்கள். மேடை தெரியாத தூரத்து அடுக்குகளில் இருந்தவர்களுக்கு அந்த விழிப்பும் இல்லை. பட்டைதான் சொல்கிறது என்று நினைத்துக் கையிலிருந்ததை இறக்கி வைத்துவிட்டு அங்கங்கே அமர்ந்தார்கள். அவர்களைப் பார்த்து முன்னால் இருந்தவர்களும் வண்டிகளின் மேலும் பெட்டிகளின் மேலும் அமர்ந்தார்கள். சக்கர உருட்டல் அடங்கியது. சற்றைக்கெல்லாம் வேலையை நிறுத்தியவர்களின் மணிக்கட்டுகளிலிருந்து, "தம்பி, கை மெதுவாகுது" என்று பட்டைகள் கூவத் தொடங்கின.

"அவசரமே இல்ல. காலை நீட்டிக்கங்க" என்றாள் மூத்தவள்.

"டேய், எந்த அக்கா சொல்றதைக் கேக்கறது?" என்று ஒருவன் கத்தினான்.

"மைக்ல இருக்கறதுடா! அதுதான் ஒரிஜினல். அது எங்க அக்கா!" என்றது இன்னொரு குரல். தம்பி ஒரு பெரிய பெட்டியின் மேல் சம்மணமிட்டு அமர்ந்திருந்தான்.

மேலாளர் முகம் சிவந்து, "முதல்ல அந்தக் குரலை மாத்துங்க!" என்று நிறுவனரிடம் சீறினார். ஒலிவாங்கியின் இணைப்பைப் பிடுங்கினார்கள். மூத்தவளுக்கு அத்துடன் வேலையும் போயிற்று. அவள் திரும்பிப் போய்க் கேட்கவுமில்லை. குரலை மாற்றினார்கள். பல குரல்களைக் கலந்து, யாருக்கும் அக்காவாகாத ஒன்றைச் செய்து வைத்தார்கள்.

அந்த வாரம் தம்பியே அழைத்தான். "சாப்பிட்டியா?" என்று இம்முறை அவன்தான் கேட்டான்.

"அது கிடக்கட்டும். புதுசு எப்படிடா?"

"அதே தொல்லைதான். வெளிய வா, வேகமாப் போன்னு. ஆனா இவ யாருன்னே தெரியாது. வாய் நிறையத் திட்டலாம். எவ்வளவு நிம்மதி தெரியுமா?"

அவனுடைய சிரிப்பைக் கேட்டு அவள் நெஞ்சு குளிர்ந்தது உண்மை. கோபம் மட்டும் இம்மியும் குறையவில்லை. "குரலைத்தானே மாத்தினானுங்க? கதவைத் தட்டறதை விடலையே" என்றாள். "என் குரலா இருந்தாத்தான் தப்பா? யார் குரல்ல சொன்னாலும் அது தப்புதாண்டா. உன்கூட வேலை செய்யறவங்களை வீட்டுக்குக் கூட்டிட்டு வா. எல்லாருமா சேந்து எங்க போய்க் கேக்கணுமோ கேப்போம்."

"எல்லாரும் வரமாட்டாங்கக்கா. பயப்படுவாங்க."

"வர்றவங்க வரட்டும். எப்ப லீவுன்னு மட்டும் சொல்லு."

தம்பி கிழமையைச் சொன்னான்.