சட்டி கவிழ்த்த வாட்ச்மேன்

அந்தக் குடியிருப்பின் வாட்ச்மேனுக்கு மூக்கு நுனியில் கோபம். யார், எந்த வீடு என்று சொல்லாமல் ஒரு ஈ காக்காகூட கேட்டைத் தாண்ட முடியாது. முன்பு வேலை பார்த்த இடத்தில், முதலாளியின் மாமனாரையே ஆள் தெரியாமல் வெயிலில் நிற்க வைத்து வேலையைத் தொலைத்தவர் அவர்.

கேட்டோரத்து மரத்தில் காகம் ஒன்று கூடு கட்டியிருந்தது. கீழே விழுந்த குஞ்சைத் தூக்கிச் சுவர்மேல் வைத்தார், வந்தது வினை. அன்றிலிருந்து ஊரையெல்லாம் விட்டுவிட்டு அவர் தலையை மட்டும் குறிவைத்துக் கொத்தியது அந்தத் தாய்க்காகம். மனைவியின் அலுமினியச் சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டுதான் கேட்டைத் திறந்தார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"நல்லதுக்கே காலம் இல்ல! தூக்கி வச்சதே நான்தானே!" என்று மரத்தைப் பார்த்துக் கத்தினார்.

குடியிருப்புச் சங்கத்தின் செகரட்டரி ஒரு நீளக் கம்பைக் கொண்டுவந்து நீட்டினார். "கூட்டக் கலைச்சு விடுய்யா, சனியன் ஒழியட்டும்."

வாட்ச்மேன் கம்பை ஓங்கினார். காகம் இறக்கையை விரித்துக் கூட்டை மறைத்துக்கொண்டு அலறியது. அதன் பின்னால் இரண்டு சிவந்த வாய்கள் திறந்து மூடின. அவர் கம்பைச் சுவரில் சாத்தினார்.

"என்னய்யா? உன்னத்தானே கொத்துது?"

"தெரியாத ஆள கிட்ட விட மாட்டேங்குது, அவ்வளவுதான் சார். அதுக்குப் போய் வீட்டக் கலைக்கலாமா? என்னையும் இதுக்குத்தான் சார், முன்னாடி வேல பார்த்த இடத்துல பொண்டாட்டி பிள்ளையோட தெருவுல விட்டாங்க."