கழுத்தில் கிடந்த ஒயர்

சிதம்பரம் கீழ வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் கம்ப்யூட்டர் மானிட்டர் ரிப்பேர் பார்க்கிறவன் கொளஞ்சி. வேலை நேரத்தில் கழுத்தில் கறுப்பு ஒயர் இல்லாமல் அவனை யாரும் பார்த்ததில்லை. எந்த மானிட்டரைத் திறந்தாலும் முதலில் அதன் பவர் ஒயரைப் பிடுங்கி மாலையாகப் போட்டுக்கொள்வான். ஒயர் கழுத்தில் இருந்தால் மானிட்டரில் கரண்ட் இல்லை, அவ்வளவுதான் கணக்கு. "மாப்ள ரெடி, பொண்ணு எங்க?" என்று டீக்கடையில் கிண்டலடிப்பார்கள். அவனுக்கும் அது பிடிக்கும். கொஞ்சம் மேடை ஆசை உள்ள ஆள்.

கடையின் முன்பக்கம் ஜெராக்ஸ் போடும் அவன் மனைவி வினோதினிக்கு மட்டும் அதைப் பார்க்கவே பிடிக்காது. மாலை என்ன, மாப்பிள்ளைக்கு மட்டுமா போடுகிறார்கள்? கடலூர் செம்மண்டலத்தில் அவள் அம்மா வீட்டுச் சுவரில் அண்ணன் ராஜவேல் மாலையோடு சிரித்துக்கொண்டிருக்கிறான். அவனுக்கும் இதே தொழில்தான். பிளக்கைப் பிடுங்காமல் ஒரு டிவிக்குள் கை வைத்தான், போய்ச் சேர்ந்தான். கல்யாணப் பேச்சின்போது அவள் கேட்டது நகையோ புடவையோ இல்லை. "ஒயரப் புடுங்காம கை வெக்க மாட்டேன்னு சொல்லுங்க." அன்று பிடித்த பழக்கம் இந்த மாலை.

ஐப்பசி மழை விடாமல் பெய்த ஒரு மதியம். சேத்தியாத்தோப்பில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் அமராவதி ஒரே மாதிரி இரண்டு மானிட்டர்களை இறக்கிவிட்டுப் போயிருந்தாள். ஒன்று விளக்கு மினுக்கி மினுக்கி அணைந்துவிடும். மற்றது நல்லது; அதையும் கொண்டுவரச் சொன்னதே கொளஞ்சிதான். நல்ல போர்டில் மீட்டர் என்ன காட்டுகிறது, கெட்டதில் என்ன காட்டுகிறது என்று ஒவ்வொன்றாகத் தொட்டு ஒப்பிட்டால் திருடன் அகப்பட்டுவிடுவான்.

கெட்டதன் ஒயரைப் பிடுங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு அதைத் திறந்து அளந்தான். பிறகு நல்லதன் ஒயரைப் பிளக்கில் செருகி, படம் வருகிறதா என்று பார்த்தான். வந்தது. அப்போதுதான் கரண்ட் போனது.

கரண்ட் போனால் மற்ற கடைக்காரர்கள் ஊர்க்கதை பேசப் போவார்கள். கொளஞ்சிக்கு அதுதான் வேலை நேரம். மீட்டருக்குப் பேட்டரி போதுமே. செல்போன் லைட்டைச் சாய்த்து வைத்து, நல்லதையும் கவிழ்த்துத் திறந்தான். பழக்கப்படி கை கழுத்துக்குப் போனது. ஒயர் இருந்தது. பெரிய கெப்பாசிட்டரில் தங்கியிருக்கும் கரண்டைக்கூடப் பல்பு மாட்டிய ஒயரால் தொட்டு இறக்கினான். அத்தனை கவனமான ஆள்! மீட்டரின் ஒரு முனையைக் கிளிப்பால் போர்டில் மாட்டிவிட்டு, போர்டு ஆடாமலிருக்க அதன் அலுமினியத் தகட்டை இடது கையால் அழுத்தியபடி, வலது கையால் இன்னொரு முனையை வைத்து அளக்க ஆரம்பித்தான்.

ஜெராக்ஸ் மெஷின் ஓடாததால் வினோதினி ஸ்டூலைத் திருப்பிப் போட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னவோ உறுத்தியது. மேசையில் திறந்து கிடந்தவை இரண்டு.

"மாமா, இன்னொரு ஒயரு எங்க?"

"எல்லாம் கழுத்துல கெடக்கு."

"ஒண்ணுதான கெடக்கு. கைய எடுங்க மாமா!"

"ஒனக்கு எப்பப் பாரு பயந்தான். இந்தா, நல்லாப் பாரு." தகட்டிலிருந்து இடது கையை எடுத்து, கழுத்து ஒயரை ஆட்டிக் காட்டினான்.

டியூப் லைட் எரிந்தது. படாரென்ற சத்தத்தோடு மீட்டர் வெடித்து மேசைக்கு அடியில் விழுந்தது. கொளஞ்சி சுவரில் மோதி உட்கார்ந்தான். வலது கை விரல்நுனி கருகியிருந்தது. இடது கை இன்னும் ஒயரைப் பிடித்திருந்தது.

அந்தக் கை தகட்டிலேயே இருந்திருந்தால் கரண்ட் நெஞ்சு வழியாகப் போயிருக்கும். அது இருவருக்கும் தெரியும். அவனைக் காப்பாற்றியது ஒயர் இல்லை, வாய்ச்சவடால். வினோதினிக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. மெயினை அணைத்தாள். பிளக் பெட்டியிலிருந்து இரண்டாவது ஒயரைப் பிடுங்கினாள்.

"அதையும் போட்டுடு வினோ," என்று தலையைக் குனிந்து காட்டினான்.

அவள் போடவில்லை. கழுத்தில் கிடந்ததையும் கழற்றினாள்.

இப்போது ஒயர்களெல்லாம் அவள் மடியில்தான். கரண்ட் போகும்போதெல்லாம் மேசையைப் பார்க்கிறாள், மடியைப் பார்க்கிறாள், எண்ணுகிறாள். எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இன்னொரு தடவை எண்ணுகிறாள்.