மூன்றாவது உத்தரம்

என் சட்டைப் பையில் எப்போதும் ஓர் ஐந்து ரூபாய் நாணயம் கிடக்கும். செலவுக்கில்லை, தட்டிப் பார்க்க. கிணத்துக்கடவுப் பக்கம் ஒரு பழைய பாலத்தைப் பலப்படுத்தியபோது எங்களோடு வேலை செய்த அக்கா கொடுத்தது.

விரிசல் விட்ட கான்கிரீட் உத்தரங்களின் அடியில் கார்பன் இழைத் துணியை எபாக்ஸிப் பசையால் ஒட்டுவது எங்கள் வேலை. அக்கா அதை ரோலரால் அழுத்தி உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றுவார். பசை இறுகிய பின் நாணயத்தால் தட்டிக்கொண்டே போவார். பிடித்த இடம் டங்கென்னும், பிடிக்காத இடம் பொத்தென்னும். முன்பு களத்தில் தேங்காயைத் தட்டித் தரம் பிரித்தவர். அந்தக் காதுக்குத் தப்பாது.

மூன்றாவது உத்தரத்தில் நின்றுவிட்டார். "ஏனுங்க சார், இங்க ஒரு சாண் நீளத்துக்குப் பொக்கா இருக்குதுங்க. மழை ஈரம் காயறதுக்குள்ள ஒட்டிப்போட்டோம்."

காயும் முன் ஒட்டச் சொன்ன இன்ஜினியர் நான்தான். நான்கு நாளில் ஊர்த் திருவிழா, நோம்பி. பாலத்தைத் திறந்தே ஆகவேண்டுமென்று மேலதிகாரிகள் கழுத்தைப் பிடித்தார்கள். வெட்டி எடுத்து மறுபடி ஒட்ட மூன்று நாளாகும், பெயின்டுக்கு நாளிருக்காது. "நான் பாத்துக்கறேங்க அக்கா, நீங்க கெளம்புங்க" என்றேன். பார்க்கவில்லை. சாம்பல் நிறப் பெயின்ட் அடிக்கச் சொல்லிவிட்டு, சோதனைத் தாளில் சரியென்று கையெழுத்துப் போட்டேன். பெயின்டுக்குப் பிறகு எல்லா உத்தரமும் ஒன்றுபோலத்தான் தெரிந்தது.

நோம்பியன்று அக்கா தேடி வந்தார். "சரி பண்ணிட்டீங்களாங்க சார்? எம் பையனோட ஸ்கூல் பஸ்ஸு இதுலதானுங்க போகோணும்."

"பண்ணியாச்சுங்க."

முகம் தெளிந்து, வேலை முடிந்தது, இனித் தனக்கெதற்கென்று நாணயத்தை என் கையில் வைத்தார். எப்படித்தான் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வந்ததோ.

அன்றிலிருந்து மழை பெய்தால் பள்ளி விடும் நேரத்தில் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். செய்தியில் பாலம் என்ற சொல் கேட்டாலே டிவியை அணைத்துவிடுவேன். ஒரு சாண்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

போன வாரம் பொறுக்க முடியாமல் ஏணியோடு பாலத்தடிக்குப் போனேன். தட்டினேன். ஒரு சாணில்லை, கை எட்டியவரை பொத், பொத். மேலே ஒரு பேருந்து கடந்தது. விரல் நுனியில் துணி அதிர்ந்தது. ஏணியில் நின்றபடியே அலுவலகத்துக்குப் போன் செய்து, நான் செய்ததைச் சொல்லி, வண்டிகளை நிறுத்த வைத்தேன்.

இன்று காலை அக்காவே கூப்பிட்டார். "ஏனுங்க சார், நம்ம பாலத்துல வண்டி உடமாட்டேங்கறாங்க. அந்த மூணாவது உத்தரமா இருக்காதுங்களே? அதத்தான் நீங்க சரி பண்ணிப்போட்டீங்களே."

நாணயம் என் உள்ளங்கையில் வேர்வையோடு ஒட்டிக் கிடந்தது. "நான் அதத் தொடவே இல்லீங்க அக்கா" என்றேன்.

"ஆறு வருசமா தெனமும் எம் பையன அந்த பஸ்ஸுலயே ஏத்தி உட்டேனுங்களே சார்" என்றார்.